மூன்றாம் நாள்: உப்புக்குழி

மலேசியாவில் ஈப்போ நகரத்தில் நான் சமையலுக்கு இருந்த வீட்டில், சாப்பாட்டு மேசை சாப்பிடுவதைவிட நிலப்படம் விரிப்பதற்குத்தான் அதிகம் பயன்பட்டது. வீட்டு ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். நில அளவை இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் வீட்டில் இருக்கக் கால் வராது அவருக்கு. வெளிநாட்டிலிருந்து காட்டு மிருகம் பார்க்க வருகிறவர்களுக்கு வழி போட்டுக் கொடுத்து, தன் காரிலேயே கூட்டிப்போய்க் காட்டி வந்தார். எல்லோருக்கும் ஒரே பயணம் கிடையாது. வருகிறவருக்கு எந்த மிருகம் வேண்டும், எத்தனை மைல் நடப்பார், எதைச் சாப்பிடுவார், எதற்குப் பயப்படுவார் என்று கடிதம் போட்டுக் கேட்பார். பதில் வந்த பிறகு, தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைக்கிற மாதிரி, அவருக்கென்றே நாள் நாளாகத் திட்டம் எழுதுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. ஐயா அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சிரித்தார்.

"பிள்ளை, இவவுக்கு மிருகத்தைக் காணாட்டிலும் பரவாயில்லையாம். அதுகளின்ர சத்தம் வேணுமாம். டேப்பில பிடிச்சுக்கொண்டு போகப் போறா."

"சத்தத்தை வச்சு என்னாங்கய்யா செய்வாங்க?"

"வீட்டில இருந்து கேப்பா போல. மனுசச் சத்தம், கார்ச் சத்தம் ஒண்டும் இல்லாத இடமாப் பாக்கச் சொல்லி எழுதியிருக்கிறா."

படத்தின் நான்கு மூலையிலும் ஊறுகாய்ச் சாடிகளை வைத்துவிட்டு, ஐயா ஒரு பச்சை இடத்தில் பென்சிலை ஊன்றினார். தாப்பாவுக்கும் சிலிம் ரிவருக்கும் இடையில், பெரிய மலைத்தொடரின் அடிவாரம்.

"இஞ்ச வாரும். இது நீர் வேலை செய்த தோட்டம்தானே?"

எனக்கு ஆங்கில எழுத்து தெரியாது. தமிழும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் படத்தில் ஆறு முழங்கையை மடக்கின மாதிரி வளைவதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இதாங்கய்யா."

"உள்ளுக்கு வழி ஞாபகம் இருக்கோ? தோட்டத்தைத் துண்டு துண்டா வித்தாப் பிறகு மலைப்பக்கம் காடு ஏறிப் போச்செண்டு சொல்லுகினம்."

"காடு ஏறுனா என்னாங்கய்யா. கண்ணக் கட்டி விட்டாலும் போய்ட்டு வருவேன்."

பெருமையில் வந்த பேச்சு. வாயை விட்டுப் போன பிறகுதான் அந்தக் காட்டில் எனக்கு என்ன கிடக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

என் வீட்டுக்காரர் காணாமல் போனது அங்கேதான். அது நடந்து பதினோரு வருசம் ஆகியிருந்தது.

அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. நாங்கள் இரண்டு பேரும் பால்மரம், கித்தா என்கிற ரப்பர் மரம், வெட்டினோம்; பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. நிரை என்பது ஆளுக்கு ஒதுக்கிய மர வரிசை. அவர் நிரையும் என் நிரையும் பக்கத்துப் பக்கத்தில், மலையடிக் காட்டில். அதிகாலையில் அங்கே மூடுபனி இறங்கினால் அடுத்த மரம் தெரியாது. புருசன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதற்குப் பதிலாகத் தட்டிக்கொள்வோம். பால் வெட்டுகிற உளியின் பிடியால் வாளியில் அவர் இரண்டு தட்டுவார். எங்கே இருக்கிறாய் என்று அர்த்தம். நான் ஒன்று தட்டுவேன். இங்கேதான் என்று அர்த்தம். கல்யாணமான முதல் மாதத்தில் தொடங்கிய பழக்கம். மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். "மரங்கொத்தி ஜோடி" என்பார்கள்.

அன்றைக்கும் இரண்டு தட்டினார். நான் ஒன்று தட்டினேன். வெயில் ஏறி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் வடிந்த பாலை எடுக்கிற நேரம் வந்தபோது அவர் நிரையிலிருந்து சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். கடைசி மரம் வரைக்கும் ஒழுங்காக வெட்டியிருந்தார். மங்குகளில் பால் நிரம்பி நின்றது. எடுக்க ஆளில்லை. வாளிகளைத் தோளில் தூக்குகிற காண்டாக்கட்டை ஒரு வாளியோடு மரத்தில் சாய்ந்திருந்தது. மற்ற வாளியையும் உளியையும் காணவில்லை.

மூன்று நாள் தேடினார்கள். ஆட்கள் எல்லோரும் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு போனார்கள். எனக்கு வாய் வரவில்லை. நான் வாளியில் ஒன்று தட்டித் தட்டி நடந்தேன். ஆற்றோரச் சேற்றில் புலித்தடம் இருக்கிறதென்று வேலை மேற்பார்க்கிற தண்டல் கூட்டிப்போய்க் காட்டினார். அது பழைய தடமா புதுத் தடமா என்று அவருக்கே தெரியவில்லை.

என் கொழுந்தனார் வேறு பேசினார். "எங்கண்ணன எந்தப் புலியும் தூக்கலை. தெலுக் ஆன்சன்ல ஒருத்தி இருக்கா, அவகிட்டப் போய்ட்டாரு." தெலுக் இந்தானுக்கு அப்போது அந்தப் பெயர்தான்.

"எவ அந்த ஒருத்தி? பாத்தியா?" என்றேன்.

"பாத்தா இங்க இழுத்துட்டு வந்திருக்க மாட்டேன்?"

"பாக்காததப் பேசாத."

என்னை விட்டுப் போனார் என்று ஊர் சொல்வதை என் காது பொறுக்காது. புலி என்றேன். கேட்டவர்களிடமெல்லாம் புலி என்றேன். பதினாறாம் நாள் ஆற்றுக்குப் போய்த் தாலியைக் கழற்றினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பெண்கள் சிலர் பொறு, இன்னும் பார் என்றுதான் சொன்னார்கள். கழற்றியது என் கை.

அந்த மாதம் முடிகிற வரைக்கும் தோட்டத்துக் கணக்கர், கிராணி, அவர் பெயரைச் செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்திலிருந்து அடிக்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் விளக்கு வெளிச்சத்தில் பெயர்கள் வரிசையாக வரும். அவர் பெயரும் வரும். கிராணி தலையைத் தூக்காமல் பதிலுக்குக் காத்திருப்பார்.  பிறகு அடுத்த பெயர். அந்தக் கொஞ்ச நேரத்தில் எங்கள் பின்னால் யாரோ நடந்து வருகிறார் என்று எல்லோரும் கழுத்தை விறைத்துக்கொண்டு நிற்போம். திரும்பிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

ஐயாவின் மேசைக்கு வருகிறேன்.

திட்டம் போடுவதில் ஐயாவுக்குப் படம் தெரியும், எனக்குக் காடு தெரியும். "மழைக்கு முன்னாடி வரச் சொல்லுங்கய்யா, டுரியான் விழுற சமயம். பழத்துக்கு யானை எறங்கும்" என்றேன். எழுதிக்கொண்டார். காட்டுக்குள் போவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே வாசனைச் சோப்பு போடக் கூடாது. வெள்ளைத் துணி ஆகாது. கருவாடு, வெங்காயத் தாளிப்பு எதுவும் கூடாது, காற்று அந்த வாசத்தைத் தூக்கிக்கொண்டு போகும். புளிச்சோறும் அவித்த முட்டையும் போதும். காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாகவே நடக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஐயா எழுதினார். படித்தவர் ஒருவர் நான் சொல்வதை எழுதுவது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு மொத்தமாக வாசித்துக் காட்டினார். "முதலாம் நாள், தாப்பா போய் அங்கயிருந்து அடிவாரம், ஆத்தோரம் கூடாரம். ரெண்டாம் நாள், பழைய கித்தா நிரைகளுக்குள்ள நடை. மூண்டாம் நாள்…" பென்சில் நின்றது. "மூண்டாம் நாளுக்கு இடம் ஒண்டும் இல்லை, பிள்ளை. யோசிச்சுச் சொல்லும்."

எனக்கு யோசிக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாளுக்கு இடம் இருந்தது.

கடைசி நிரைக்கும் அப்பால், இரண்டு மைல் உள்ளே, உப்புச்சேறு ஊறுகிற ஒரு பள்ளம் உண்டு. காட்டெருமை, மான் எல்லாம் மண்ணை நக்க அங்கே வரும். உப்புக்குழி என்போம். மிருகம் கூடுகிற இடம் என்பதால் தோட்டத்து ஆட்கள் போக மாட்டார்கள். கல்யாணமான வருசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். மேட்டில் ஒரு பெரிய மரத்தடியில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து காட்டெருமை பார்த்தோம். நாங்கள் அங்கே போனது எங்கள் இரண்டு பேரையும் தவிர யாருக்கும் தெரியாது.

அவரைத் தேடிய மூன்று நாளும் நான் அந்த இடத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆட்கள் போயிருப்பார்கள். அங்கே துணி, எலும்பு எதுவும் இல்லை என்றால் புலி இல்லை என்று ஆகிவிடும். புலி இல்லை என்றால் தெலுக் ஆன்சன்தான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஐயாவின் படத்துக்கு முன்னால் இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் சுற்றி வந்தேன். சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. செத்தவருக்குத் தாலி கழற்றினேனா, உயிரோடு இருந்தவருக்குக் கழற்றினேனா. பதினோரு வருசமாக நான் போய்ப் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான். இப்போது கார், வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து அங்கே போக வந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலை ஐயாவுக்குக் கோப்பி வைத்துவிட்டு, படத்தில் விரலை வைத்தேன்.

"உப்புக்குழின்னு எழுதுங்கய்யா."

ஈப்போவில் நான் குடியிருந்த வரிசை வீட்டில் பக்கத்து வீட்டு அக்காவும் அதே தோட்டத்துக்காரர்தான். விசயம் அவர் காதுக்குப் போய்விட்டது.

"என்னாலா, வெள்ளக்காரி கூட சபாரி போறியாம். தொப்பி வாங்கிட்டியா?"

"தலையில துண்டு கட்டுனாப் பத்தாதாக்கா?"

"பத்தும் பத்தும். துண்டக் கட்டிக்கிட்டு, காசு குடுத்து மரத்தப் பாக்கப் போறவங்களுக்கு மரத்தக் காட்டு. நாம பாத்த மரம் போதாதா இந்த ஜென்மத்துக்கு." பிறகு குரலை இறக்கினார். "அங்க ஒன்னு சொல்றேன் கேளு. யாராச்சும் கூப்பிட்டா உடனே திரும்பாத. மூனு தடவ கூப்பிடட்டும்."

"அவரு கூப்பிட மாட்டாருக்கா. தட்டுவாரு."

அக்கா காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விட்டார்.

வெள்ளைக்கார அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, அதிகம் பேச்சில்லை, அதனால் எனக்குப் பிடித்துப் போனது. தோளில் ஒரு டேப் பெட்டி. கையில் சட்டி மாதிரி ஒன்று, அதன் நடுவில் மைக். சட்டியை எந்தப் பக்கம் திருப்புகிறாரோ அந்தப் பக்கத்துச் சத்தம் பெட்டிக்குள் விழுமாம். அடிவாரத்தில் வழிகாட்டி சேர்ந்துகொண்டார். அந்த மலையில் குடியிருக்கிற பூர்வகுடி, அஸ்லிக்காரர், நாற்பது வயது. தாப்பாவில் ஒரு கடைக்காரர் மூலம் ஐயா முன்பே சொல்லி வைத்திருந்தார். அவரும் நானும் மலாயில் பேசிக்கொண்டோம்.

முதல் நாள் திட்டப்படி போனது. இரண்டாம் நாள் பழைய நிரைகளுக்குள் நடந்தோம்.

காடு என்றால் எனக்குப் பயமில்லை. தோட்டம் என்றாலும் பயமில்லை. இது இரண்டும் இல்லை. கொடியும் பிரம்பும் ஏறி, வானம் தெரியாமல் மூடியிருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் நின்று சரியான கோணத்தில் பார்த்தால், அந்த அடர்த்திக்குள் கித்தா மரங்கள் நூல் பிடித்த மாதிரி வரிசையாக நிற்கின்றன. ஒரு எட்டு நகர்ந்தால் வரிசை மறைந்துவிடும். இன்னொரு எட்டு வைத்தால் மறுபடியும் வரும். மரங்களில் மங்குகள் கட்டியபடியே இருந்தன. சிலவற்றைப் பட்டை வளர்ந்து பாதி விழுங்கியிருந்தது. பல வருசமாக யாரும் வெட்டாத மரங்கள். ஒரு மங்கை எட்டிப் பார்த்தேன். மழைத்தண்ணீரும் இலையும் இருந்தன. அடுத்ததில் என் முகம் தெரிந்தது.

என் கால் எண்ணிக்கொண்டே போனது. நான் எண்ணவில்லை. அவருடைய கடைசி மரத்துக்கு வந்ததும் தானாக நின்றது.

"இளைப்பாறுவமோ, பிள்ளை?" என்றார் ஐயா.

"வேணாங்கய்யா. போலாம்."

அன்று காலையில் அம்மாள் சட்டியை மலைப்பக்கம் திருப்பி வைத்து ஒரு மணி நேரம் சத்தம் பிடித்திருந்தார். பின்னேரம் கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் போட்டுக் காட்டினார். வாவாக் குரங்குகள் ஒன்றை ஒன்று கூப்பிட்டன. கொம்புப் பறவை ஒன்று சிறகைப் புஸ் புஸ்ஸென்று அடித்துக்கொண்டு பெட்டிக்குள்ளேயே பறந்து போனது. ஐயா ரசித்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகு வெறும் இலைச் சத்தம். அதற்கு அப்பால், வெகு தூரத்தில், தகரத்தில் மரம் படுகிற சத்தம்.

இரண்டு.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடியும் இரண்டு.

கையில் இருந்த கோப்பிக் குவளையை நான் தரையில் வைத்தேன். வைத்தது தெரியும். அதன் பிறகு அது கவிழ்ந்தது எனக்குத் தெரியாது, ஐயா சொல்லித்தான் பார்த்தேன்.

"மரங்கொத்தி" என்றார் ஐயா அம்மாளிடம்.

வழிகாட்டி குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வெளிச்சம் வருவதற்குள் உப்புக்குழி மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய மரம் அப்படியே இருந்தது. பள்ளத்தில் பனி பால் மாதிரி தேங்கி நின்றது. அதற்குள்ளிருந்து முதலில் கொம்பு தெரிந்தது, பிறகு நெற்றி, பிறகு வெள்ளைக் காலுறை போட்ட மாதிரிக் கால்கள். ஐந்து காட்டெருமைகள். மண்ணை நக்குகிற சத்தம் சரக் சரக்கென்று கேட்டது. அம்மாளின் கண்ணில் தண்ணீர். ஐயா எழுதிய திட்டம் வரிக்கு வரி பலித்துவிட்டது.

அப்போது வலப்பக்கத்திலிருந்து இரண்டு தட்டு வந்தது. டேப்பில் கேட்ட மாதிரித் தூரத்தில் இல்லை. கிட்டத்தில்.

ஐந்தும் ஒன்றாகத் தலையைத் தூக்கின. அந்தப் பக்கம் பார்த்தன. பிறகு பனிக்குள் திரும்பிப் போய்விட்டன.

நான் வழிகாட்டியின் சட்டையைப் பிடித்தேன். "அது என்ன? காட்டு."

ஐயாவையும் அம்மாளையும் மேட்டில் இருக்கச் சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம்தான். ஓடைக்கரையில் அவர்கள் ஆட்களின் டுரியான் மரங்கள் பத்துப் பன்னிரண்டு நின்றன. நடுவில் ஒரு தடித்த மூங்கில், நீர் விழுகிற இடத்தில் ஏற்றம் மாதிரிக் கட்டியிருந்தது. மூங்கிலின் வாய் தண்ணீரால் நிறைகிறது. நிறைந்ததும் சாய்ந்து தண்ணீரைக் கொட்டுகிறது. கொட்டியதும் அதன் வால் கீழே வந்து, தொங்கவிட்ட ஒரு வாளியில் அடிக்கிறது, துள்ளி இன்னொரு முறை அடிக்கிறது. இரண்டு. மறுபடியும் நிறைய நேரமாகிறது.

"யானைக்கு. சத்தம் கேட்டா பழத்துக்கு வராது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. பிறகு வாளியைப் பார்த்தேன். பால்வாளி. விளிம்பில் ஒரு நெளிசல், அதை நான்தான் கல்லால் தட்டி நிமிர்த்தினேன், சரியாக நிமிரவில்லை. அடியில் ஆணியால் குத்திய என் வீட்டுக்காரரின் தோட்டத்து நம்பர். எண் எனக்குப் படிக்கத் தெரியும். விரலை வைத்தும் பார்த்தேன்.

"இது எங்க கெடைச்சுச்சு?"

"மேட்டுல. இப்ப நாம உட்காந்திருந்த பெரிய மரத்துக்கு அடியில. பதினோரு, பன்னெண்டு வருசம் இருக்கும்."

ஒரு கேள்விதான் என்னிடம் இருந்தது. தோட்டத்து ஆளைத் தவிர யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். வேலை நடுவில் ஒதுங்குகிறவர் வாளியை நிமிர்த்தித்தான் வைத்துவிட்டுப் போவார். ஸ்டோரில் பாலைக் கொட்டி, வாளியைக் கழுவி, அன்றைய வேலை முடிந்தது என்றால்தான் கவிழ்ப்பார். வேலை மிச்சமிருக்கும்போது கவிழ்த்து வைத்தால் தண்டல் ஏசுவார். புலி பாய்ந்தால் வாளி உருண்டு எங்கேயாவது கிடக்கும்.

"நிமிந்து இருந்துச்சா? கவுந்து இருந்துச்சா? இல்ல உருண்டு கெடந்துச்சா?"

அவர் உள்ளங்கையைத் தரைப்பக்கம் திருப்பிக் காட்டினார். "கவுத்து வச்சிருந்துச்சு. உள்ள சுத்தம், கழுவுன மாதிரி. கீழ வெட்டுற கத்தி, துணியில சுத்தி."

"எலும்பு? ரத்தம்?"

"ஒன்னும் இல்ல. புலித்தடமும் இல்ல, ஆள்தடமும் இல்ல."

அந்த இடத்தில் நின்றபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. புலி இல்லை. அவர் மங்கில் பாலை அப்படியே விட்டுவிட்டு, தன் காலால் நடந்து வந்து, ஓடையில் வாளியைக் கழுவி, நாங்கள் உட்கார்ந்த மரத்தடியில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

"கண்டதும் எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

 மூங்கில் நிறைந்து, கொட்டி, இரண்டு தட்டியது.

"அதுக்கு முன்னாடியே சத்தம் இருந்துச்சு அக்கா. வாளியைக் காண்றதுக்கு முன்னாடி. அந்த வருசம் பழக்காலம் முழுக்க, காலையில காலையில, மேட்டுல இருந்து தட்டுற சத்தம். ரெண்டு. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறுபடி ரெண்டு. பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. எங்க பெரியவங்க, போகாதீங்க, அது நம்மளக் கூப்பிடலைன்னாங்க. அந்த வருசம் யானையே வரலை. மழை தொடங்குனதும் சத்தம் நின்னு போச்சு. அப்பத்தான் போய்ப் பாத்தோம். வாளி மட்டும் இருந்துச்சு. அந்தச் சத்தத்துக்கு யானை வராதுன்னு தெரிஞ்சதால, அதே மாதிரி தட்டுறதுக்கு இதக் கட்டுனோம்."

என் வீட்டுக்காரர் காணாமல் போனது பழம் விழத் தொடங்கிய சமயம். மழை வந்தது இரண்டு மாதம் கழித்து.

எனக்கு இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை, அதனால் எழுதுகிறேன். பதினாறு நாளும் தினமும் அவருடைய கடைசி மரத்தடியில் நின்று ஒன்று தட்டினேன். பதில் வரவில்லை. தாலியைக் கழற்றிய பிறகு தட்டுவதை விட்டுவிட்டேன். அதற்கு ஒரு வாரம் கழித்து, ஒரு பனிக்காலையில், மலைப்பக்கத்திலிருந்து மெலிசாக இரண்டு தட்டு கேட்டது. உளி மரத்தில் பதிந்தபடி நின்றேன். மறுபடியும் இரண்டு. மரங்கொத்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன். கழுத்து வெறுமையாக இருந்தது. ஊருக்கெல்லாம் புலி என்று சொல்லியிருந்தேன். எப்படித் தட்டுவேன்?

அவர் உயிரோடு உட்கார்ந்து தட்டினாரா, வேறு எது தட்டியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தால் இரண்டு மைல் நடந்து வீட்டுக்கு வர என்ன தடை? உயிரோடு இல்லையென்றால் வாளியைக் கழுவியது யார்?

வழிகாட்டி வாளியை அவிழ்க்கப் போனார். "உங்களுதுன்னா எடுத்துக்குங்க அக்கா."

"வேணாம். இருக்கட்டும்" என்றேன். அவருடைய பாராங் கத்தியை வாங்கி, அதன் பிடியால் வாளியில் ஒன்று தட்டினேன்.

மூங்கிலில் தண்ணீர் பாதிதான் ஏறியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு இலைகூட அசையவில்லை, குருவிகூடக் கத்தவில்லை. நிறைந்தது, சாய்ந்தது, இரண்டு தட்டியது. அது தண்ணீர். என் கண்ணெதிரே நடந்தது. ஆனாலும் வழிகாட்டி மேட்டுப்பக்கம் திரும்பிப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

அங்கே ஐயாதான் நின்றுகொண்டிருந்தார், கையைக் காட்டிக் கூப்பிட்டபடி. அம்மாள் சட்டியை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

ஈப்போவுக்கு வந்தபின் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். "என்னாலா, யாரும் தட்டுனாங்களா?"

"தட்டுனது தண்ணிக்கா."

"நல்லவேளை" என்றார்.

நான் மறுபடி பொட்டு வைக்கவில்லை, தாலியும் கட்டவில்லை. கழற்றியதைக் கழற்றவில்லை என்று ஆக்க முடியாது. அதுவரை அமாவாசைக்கு அவருக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தேன், அதை நிறுத்தவும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்கும்போது, சீட்டில் அவர் பெயரை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் செய்வார்கள். வாயால் சொல்ல முடியாத பெயரை எழுத முடிந்தது. நாலு எழுத்துத்தான். முதல் வெள்ளிக்கிழமை ஐயர் சீட்டைப் பார்த்தார், என் வெறும் நெற்றியைப் பார்த்தார். பிறகு பெயரைச் சொல்லி மணியடித்தார்.

அடுத்த வருசம் பறவை பார்க்கிற இரண்டு பேரிடமிருந்து ஐயாவுக்குக் கடிதம் வந்தது. மறுபடியும் படம், ஊறுகாய்ச் சாடிகள். முதல் நாள், இரண்டாம் நாள் எல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

"மூண்டாம் நாள் உப்புக்குழிதானே? போன முறை அவ்வளவு நல்லா அமைஞ்சுது."

"வேணாங்கய்யா."

"ஏன், பிள்ளை?"

"அந்த எடத்துல ஆள் இருக்காங்கய்யா. தொந்தரவு பண்ண வேணாம்."

ஐயா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் ஒரு வீடுகூட இல்லை என்பது அவருக்குத் தெரியும், அளந்து படம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.  போன வருசம் தான் போட்ட பென்சில் வட்டத்தை மெதுவாக அழித்தார். தூளை ஊதிவிட்டதும் அந்த இடம் மறுபடியும் வெறும் பச்சையாக இருந்தது.